கொசு அறையும் வஹீதாவும்

1996 செப்டம்பர் 9, திங்கள்

காலையில் கரண்ட் போனது. கொசு அறைக்கு ஓடினால் மோகனா எனக்கு முன்னால் அங்கே நிற்கிறாள், நனைத்த கோணிப்பைகளைக் கூண்டுகள்மேல் போர்த்திக்கொண்டு. வேலூர் வெயிலில் மனுஷனே சுருண்டு விழுகிறான், கொசு எம்மாத்திரம்! அதற்கு அளவான சூடு வேண்டும், ஈரக்காற்று வேண்டும், ஊறவைத்த திராட்சை வேண்டும்.

"எங்க வூட்டு மாப்பிள்ளைக்குக்கூட இப்பிடி உபசாரம் பண்ணல மேடம்" என்றாள் மோகனா. கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு, திமிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். பெயருக்குத்தான் நான் ஆராய்ச்சி மாணவி. கொசுக்களுக்குத் தெரிந்த முகம் அவளுடையது.

சாயங்காலம் அம்மா அலுத்துக்கொண்டாள். "உங்க பொண்ணு இன்னா பண்றான்னு ஸ்கூல்ல டீச்சருங்க கேக்கறாங்க இவாஞ்சலின். கொசு வளக்கறான்னா சொல்றது?"

அம்மாவுக்காக இங்கே ஒருமுறை தெளிவாக எழுதிப் பார்க்கிறேன். மலேரியாக்காரரைக் கடிக்கிற கொசு ரத்தத்தோடு கிருமியையும் குடிக்கிறது. கிருமி கொசுவின் வயிற்றில் வளர்ந்தால்தான் அடுத்த ஆளுக்குப் போக முடியும். ஆனால் அந்த ரத்தத்தில் மனுஷனின் எதிர்ப்புச் சக்தியும் இருக்கிறதே, அதையும் சேர்த்துத்தானே கொசு குடிக்கிறது? கொசு வயிற்றுக்குள் போன பிறகும் அது கிருமியோடு சண்டை போடுமா? இவ்வளவுதான் என் கேள்வி.

கேள்வி தயார். கொசு தயார். நோயாளிதான் இல்லை.

செப்டம்பர் 17

கிடைத்துவிட்டாள்!

பெயர் வஹீதா. ஆம்பூர். இருபது வயது. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலை. அக்காவின் பிரசவத்துக்குத் துணையாக மெட்ராஸ் பெரியமேட்டில் போய்த் தங்கியிருந்திருக்கிறாள். அங்கே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளில் இருப்பதெல்லாம் எங்கள் கொசுவின் ஒன்றுவிட்ட சொந்தங்கள்தான். ஊர் திரும்பிய பத்து நாளில் குளிர் ஜுரம்.

நான் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனபோது மூன்று கம்பளிக்குள் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தாள். உடனே ரத்தம் எடுக்கவில்லை. குளிர் உச்சத்தில் இருக்கும்போது உடம்பு ஏதேதோ பொருள்களை ரத்தத்தில் கொட்டும், அது கிருமியைக் கொஞ்ச நேரத்துக்கு மயக்கிப் போட்டுவிடும் என்று கிருபானந்தம் சார் சொல்லியிருக்கிறார். அவர் என் வழிகாட்டி. நடுக்கம் நின்று வியர்வை விடும்வரை காத்திருந்தேன்.

"ரெண்டு ஸ்பூன் அளவு ரத்தம் வேணும். கொசுவுக்குக் குடிக்கக் குடுப்பேன். எடுத்த உடனே மாத்திரை ஆரம்பிச்சிடுவாங்க. வேணாம்னா வேணாம், வைத்தியம் நிக்காது" என்றேன்.

அவள் அம்மா ஜஹீருன்னிசா எழுந்தே நின்றுவிட்டார். "யா அல்லா! கொசு கடிச்சுத்தானே புள்ளைக்கு இந்தக் கதி? திரும்பக் கொசுவுக்கே குடுக்கணுமா?"

கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது. "குடுக்கலாம் அம்மி. மெட்ராஸ் கொசு கேக்காம குடிச்சுது. இதுங்க பர்மிஷன் கேக்குதே."

ஜுரத்தில் கிடக்கிறவள் என்னைச் சிரிக்க வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 18

செய்தது இது. வஹீதாவின் ரத்தத்திலிருந்து மேலே தெளிந்து நிற்கிற பிளாஸ்மாவைப் பிரித்தேன். எதிர்ப்புச் சக்தி அதில்தான் இருக்கும். கிருமி சிவப்பு அணுக்களில். அணுக்களை இரண்டாகப் பங்கிட்டு, ஒரு பங்கில் அவளுடைய பிளாஸ்மாவையே திரும்பச் சேர்த்தேன். இன்னொன்றில் என்னுடையதை. எனக்கு மலேரியா வந்ததே இல்லை. ஏபி குரூப் வேறு, யார் ரத்தத்தோடும் என் பிளாஸ்மா சண்டைக்குப் போகாது. மலேரியா என்றால் என்னவென்றே தெரியாத வெகுளி ரத்தம்.

அடியில் ஆட்டுக்குடல் ஜவ்வு கட்டின வெதுவெதுப்பான கண்ணாடிக் கிண்ணங்களில் இரண்டையும் ஊற்றி, இரண்டு கப் கொசுக்களுக்கு வைத்தோம். முட்ட முட்டக் குடித்தன. மோகனா ஒரு தாயின் பூரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 27

முத்துகள்!

கொசுவின் வயிற்றைப் பிரித்து எடுத்து, மெர்குரோகுரோம் ஒரு சொட்டு விட்டு — சின்ன வயசில் முட்டி தேய்ந்தால் அம்மா போடுகிற அதே சிவப்பு மருந்து — மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வயிற்றுச் சுவரெல்லாம் உருண்டை உருண்டையாக. கிருமி நன்றாக வளர்ந்தால் கட்டுகிற பைகள் அவை. மோகனா எட்டிப் பார்த்து "முத்து மாதிரி கீது மேடம்" என்றாள். இனி அதுதான் பெயர்.

இரண்டு கப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு. சரிதான். முதல் தடவை வந்த நோய், அவள் உடம்புக்கு எதிரியை இன்னும் அடையாளம் தெரியவில்லை.

என் கையால் வளர்த்துப் பார்த்த முதல் முத்து. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பாட்டு.

அக்டோபர் 14

ஒன்றும் நடக்கவில்லை. கொசுக்கள் நலம். நானும்.

டிசம்பர் 5

வஹீதாவுக்குத் திரும்ப ஜுரம். இந்த வகை மலேரியா கல்லீரலில் ஒளிந்துகொண்டு, ஆறிவிட்டது என்று நினைக்கிறபோது எட்டிப் பார்க்கும். அதற்குத்தான் பிரைமாகுயின் மாத்திரை. ஐந்து நாள் என்பது விதி. ஐந்து நாளும் சரியாகத்தான் சாப்பிட்டிருக்கிறாள்.

"இன்னா அக்கா, உங்க கொசுங்க சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினாள். மேடம் போய் அக்கா ஆகிவிட்டேன். கம்பெனியில் லீவு கேட்டால் சூப்பர்வைசர், "உனக்கு மட்டும் மாசத்துக்கு ஒரு ஜுரமா?" என்கிறாராம். பெரிய பேஜார் என்றாள்.

டிசம்பர் 16

தப்பு. எல்லாம் தப்பு.

வஹீதாவின் பிளாஸ்மா இருந்த கப்பில் முத்து குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. ஜாஸ்தி! என் பிளாஸ்மா கப்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு! இன்னாடி பண்ணித் தொலைச்சே இவாஞ்சலின்? கப்பை மாத்திட்டியா? எதிர்ப்புச் சக்தி கிருமிக்கு வெத்தல பாக்கு வெச்சு வரவேற்குமா?

மோகனாவிடம் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே. "கப்பு மேல நான்தான் நம்பர் ஒட்டினேன் மேடம். மாறல" என்றாள். முகம் வாடிவிட்டது. அவளிடம் ஏன் கத்தினேன்?

வெளியே கேரல் பாடகர்கள் வந்திருக்கிறார்கள். அம்மா கூப்பிடுகிறாள். போகப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 20

மோகனாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத வுடுங்க மேடம், கேக் எப்போ?" என்றாள்.

சாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "தப்பு பண்ணிட்டேன்னு அழறது இருக்கட்டும். தப்பு பண்ணலன்னா இதுக்கு இன்னா அர்த்தம்?" என்றார்.

அந்தப் பக்கம் நான் யோசிக்கவே இல்லை.

1997 ஜனவரி 22

இரண்டாம் தடவை ஜுரத்தோடு வந்த வேறு இருவரிடமும் செய்து பார்த்தாயிற்று. ஒருவரிடம் வித்தியாசம் இல்லை. இன்னொருவரிடம் அதேபோல் ஜாஸ்தி. அப்படியானால் கப்பு மாறவில்லை. நான் முட்டாள் இல்லை!

வேறு நாட்டிலும் இப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்று சார் ஒரு கட்டுரையை எடுத்துக் கொடுத்தார். எதிர்ப்பொருள் நிறைய இருந்தால் கிருமியைத் தடுக்குமாம். கொஞ்சமாக இருந்தால் தடுக்காதது மட்டுமில்லை, சிலசமயம் கிருமிக்கு உதவியே செய்துவிடுமாம். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அரைகுறைச் சண்டைக்காரன் எதிரியை உசுப்பிவிட்ட கதை.

சந்தோஷத்தில் மோகனாவுக்கு இன்னொரு கேக்.

பிப்ரவரி 13

வஹீதா போன் செய்தாள். ரம்ஜான் முடிந்து நிச்சயம் ஆகிவிட்டதாம். மாப்பிள்ளை பேரணாம்பட்டு, தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. "எப்பிடி இருக்காரு?" என்றேன். "அரை நிமிஷம்தான் பார்த்தேன். காது பெருசு" என்றாள். இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

மார்ச் 19

மூன்றாம் முறை. இன்று வஹீதா சிரிக்கவில்லை.

நிச்சயம் ஆட்டம் கண்டிருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா சுகரா பேகம் சொல்லியனுப்பினாராம், "வூட்ல சின்னப் புள்ளைங்க இருக்காங்க. ஜுரக்காரப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து எல்லாருக்கும் ஒட்டவெக்கிறதா?" என்று. ஜஹீருன்னிசாம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வஹீதா கையை நீட்டினாள். எனக்கு ஊசி பிடிக்கவே கூசியது.

"வேணாம்னா இன்னிக்கு வுட்டுடலாம் வஹீதா."

"எடுங்கக்கா. உங்களுக்காவது யூஸ் ஆவட்டும்."

மார்ச் 27

ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை!

வஹீதாவின் பிளாஸ்மா கப்பில் ஒரு கொசுவிலும் ஒரு முத்துகூட இல்லை. ஒவ்வொரு வயிறும் துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரி. அதே அணுக்கள், அதே கிருமி, என் வெகுளிப் பிளாஸ்மாவில் போட்ட கப்பில் முத்து முத்தாகக் காய்த்துத் தொங்குகிறது. கிருமி நன்றாகத்தான் இருக்கிறது. அவள் ரத்தம்தான் மாறியிருக்கிறது. முதல் தடவை தெரியாமல் விழித்தது, இரண்டாம் தடவை தடுமாறி எதிரிக்கே உதவியது, மூன்றாம் தடவை கொசுவின் வயிற்றுக்குள்ளேயே போய் கதையை முடித்துவிட்டது.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லேபிலிருந்து ஓடி வந்தார்கள். மோகனா கதவைச் சாத்தினாள், கொசு பறந்துவிடும் என்று. சார் மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

நாளை பெரிய வெள்ளி. சர்ச்சில் மூன்று மணி நேரம் துக்க முகத்தோடு உட்கார வேண்டும். ஆண்டவரே, எப்படி?

மார்ச் 28

முடியவில்லை. அம்மா இரண்டு தடவை கிள்ளினாள்.

ஏப்ரல் 19

ஒரே ஆளின் ரத்தத்தை வைத்துக்கொண்டு குதிக்கக் கூடாது என்று சார் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தார். குடியாத்தத்திலிருந்து லுங்கி லோடு ஏற்றிப் போகிற டிரைவர் வேலு, முதல் ஜுரத்தோடு வந்தார். அவருடைய கிருமியோடு வஹீதாவின் மார்ச் மாதத்துப் பிளாஸ்மாவைச் சேர்த்தோம். இன்று பார்த்தோம். வேலுவின் சொந்தப் பிளாஸ்மாவில் ஏராளம், என்னுடையதில் ஏராளம். வஹீதாவுடையதில் தேடித் தேடிப் பார்த்து இரண்டே இரண்டு முத்து.

அவள் ரத்தம் கற்றது அடுத்தவர் கிருமியிடமும் செல்லுபடியாகிறது!

"அந்தப் பொண்ணு ரத்தம் டிரைவருக்கும் சேர்த்து சண்டை போட்டுச்சா மேடம்?" என்றாள் மோகனா. ஆமாம் மோகனா. அவருக்குத் தெரியாமலே.

ஏப்ரல் 24

இன்று ஆராய்ச்சிக் கூட்டத்தில் என் முடிவுகளைப் பேசினேன். கை தட்டினார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் மிகவும் புகழ்ந்தார். கடைசியில், "அந்தப் பெண்ணுக்கு எப்படியும் இன்னொரு தடவை வரும். அதையும் விடாதீர்கள். நான்காவது முறை என்ன ஆகிறது என்று யாரிடமும் தகவல் இல்லை. ஐந்து நாள் மாத்திரைதானே விதி, நீங்கள் வைத்தியத்தை மறுக்கவில்லையே" என்றார்.

ஐந்து நாள் போதவில்லை என்பது எங்களுக்கு வஹீதாவை வைத்தே தெரியும். பதினான்கு நாள் கொடுத்தால் கல்லீரலில் ஒளிந்திருப்பதும் போய்விடும். அவளுக்கு ஜுரம் நிற்கும். எனக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று போன வரிசை நிற்கும்.

ஒரு டீ குடிக்கிற நேரம் ஆசைப்பட்டேன். எழுதத்தான் வேண்டும், ஆசைப்பட்டேன். அப்புறம் அவள் நடுங்கின கட்டில் ஞாபகம் வந்தது. சீ! அவ என்ன கூண்டுல கெடக்கற கொசுவா?

சார் அறைக்குப் போனேன். "சார், வஹீதாவுக்குப் பதினாலு நாள் குடுக்கணும்."

"உன் நாலாவது தடவை?"

"வேணாம் சார்."

சார் மருந்துச் சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 29

சிலருக்கு இந்த மாத்திரை ஆகாது, ரத்த அணுக்கள் உடைந்துபோகும். அதற்கான சோதனையில் வஹீதாவுக்குப் பயமில்லை என்று வந்துவிட்டது. இன்று ஆரம்பித்தாள்.

மே 4, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஆம்பூர் பஸ் ஏறினேன். பாதி வழியிலேயே தோல் வாடை ஜன்னல் வழியே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். போனால் கூடத்தில் சுகரா பேகம் உட்கார்ந்திருக்கிறார்! முடிவாகப் பேசிவிட்டுப் போக வந்தவர். ஜஹீருன்னிசாம்மா என் கையைப் பிடித்து எதிரே உட்கார வைத்துவிட்டார்.

சுகரா பேகம் சுற்றி வளைக்கவில்லை. "இந்தப் பொண்ணால எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு ஒட்டாதுன்னு எழுதிக் குடுப்பியாம்மா?"

"எழுதிக் குடுக்க மாட்டேன்மா."

ஜஹீருன்னிசாம்மாவின் முகம் போனதைப் பார்த்தேன். ஆனால் பொய் சொல்ல முடியாதே.

"ஆனா நான் பார்த்ததைச் சொல்றேன். போன தடவை இவ ரத்தத்தை எங்க கொசுங்க வயிறு முட்டக் குடிச்சுதுங்க. ஒண்ணுக்குக்கூட நோவு ஏறல. இவ ரத்தத்துல மேல தெளிஞ்சு நிக்கிற தண்ணிய எடுத்துட்டு என்னோடதைக் கலந்து குடுத்தப்போ எல்லாத்துக்கும் ஏறிச்சு. அப்போ இவ உடம்பு அதைத் தடுக்கக் கத்துக்கிச்சு. அது எத்தினி நாளு நிக்கும்னு எனக்குத் தெரியாது. அதனாலதான் இப்ப முழுசா மாத்திரை. முடிஞ்சா ஜுரம் திரும்ப வர்றது ரொம்பக் கம்மி."

"அப்போ உன் ரத்தம் மோசம், இவ ரத்தம் நல்லதா?"

"இந்த விஷயத்துல ஆமாம்மா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். அப்போது வஹீதா உள்ளேயிருந்து வந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குரல் நடுங்காமல் சொன்னாள். "கல்யாணம் நடந்தாலும் சரி, நடக்காட்டியும் சரி. இந்த மாத்திரை நான் எனக்காக முழுங்கறேன்."

நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "உங்க மாடித் தொட்டிக்கு மூடி இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"இந்தக் கொசு அங்கதான் முட்டை போடும். நாளைக்கு மெட்ராஸ் போய்ட்டு வர்ற யாருக்கு வேணும்னாலும் இந்த ஜுரம் வரலாம், உங்க புள்ளைக்கே வரலாம். மருமகளப் பார்த்து பயப்படறத வுட தொட்டிய மூடறது நல்லது."

சுகரா பேகம் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் வஹீதாவை, ரொம்ப நேரம். எழுந்து போய் அவள் கன்னத்தைத் தொட்டார். "வாய் ஜாஸ்திதான். பரவால்ல, எங்க வூட்லயும் எல்லாருக்கும் ஜாஸ்தி. மாத்திரைய முடி. தேதி குறிக்கலாம்."

ஜஹீருன்னிசாம்மா எனக்குக் கட்டிக் கொடுத்த மக்கன்பேடா இனிப்பை அம்மாவும் நானும் ஒரே மூச்சில் தீர்த்தோம். கொசு வளர்க்கிறவள் கல்யாணப் பேச்சும் முடித்து வைக்கிறாள் என்று அம்மா ஸ்கூலில் சொல்லப்போகிறாளாம்.

மே 12

கடைசி மாத்திரையை முழுங்கிவிட்டு வஹீதா போன் செய்தாள். "வாயெல்லாம் கசப்பு. உங்களத் திட்டிக்கிட்டேதான் முழுங்கினேன் அக்கா."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வஹீதாவின் கல்யாணம். சார் கோட்டு போட்டுக்கொண்டு வந்து வேர்த்து வழிந்தார். மோகனா பிரியாணியை மூன்று தடவை வாங்கினாள், தொட்டுக்கொள்ள வைத்த கத்தரிக்காயை எண்ணவே இல்லை. பெண்கள் பக்கம் வஹீதா ஜரிகைக்கும் பூவுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணடித்தாள், கல்யாணப் பெண்!

கிளம்பும்போது மாப்பிள்ளை வந்து சலாம் சொன்னார். காது பெரிசுதான். "உங்களாலதாங்க. எங்க அம்மா தொட்டிக்கு மூடி போட்டு, அதுக்கு பூட்டும் போட்டு, சாவிய இடுப்புல சொருகி வெச்சிருக்காங்க. குளிக்கறதுக்கு அவங்களத் தேட வேண்டி இருக்கு" என்றார். குறையா நன்றியா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

1998 ஜனவரி 8

வஹீதாவுக்கு ஜுரம் இல்லை. எனக்குச் சளி.

ஜூன் 15

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் பாக்கி. கற்றது எவ்வளவு காலம் நிற்கும்? வஹீதாவிடம் கேட்டேன். "இதுக்கெல்லாம் போன் பண்ணிக் கேப்பாங்களா? வர்றேன்" என்றாள். ஒரு வருஷத்துக்கு மேலாக ஜுரம் எட்டிப் பார்க்காத, வட்டமான முகத்தோடு வந்தாள். ரத்தம் கொடுத்துவிட்டுக் கொசுக்களை ஒவ்வொரு கூண்டாக விசாரித்துவிட்டுப் போனாள். அவள் பிளாஸ்மாவை நேற்று அட்மிட் ஆன ஒருவரின் கிருமியோடு சேர்த்து வைத்திருக்கிறோம்.

ஜூன் 24

முத்துகள். நிறைய. என் கப்பில் எவ்வளவோ, வஹீதாவின் கப்பிலும் அவ்வளவு.

முதலில் மனசு விழுந்தது. என்றைக்கும் நிற்கும் என்று எழுத ஆசைப்பட்டிருந்தேன். மோகனா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், கெட்ட சேதியா?" என்றாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தவள், சிரித்துவிட்டேன். கிருமி அடிக்கடி வந்து ஞாபகப்படுத்தினால்தானே உடம்பு அதை நினைவு வைத்துக்கொள்ளும்? ஒரு வருஷமாக யாரும் வந்து ஞாபகப்படுத்தவில்லை. மலேரியா என்று ஒன்று வந்ததையே அவள் ரத்தம் மறந்துவிட்டது. அவளும் இப்போது என்னைப் போல வெகுளி.

"நல்ல சேதிதான் மோகனா."

அத்தியாயத்தை அப்படியே எழுதப்போகிறேன், உள்ளது உள்ளபடி.

ஜூன் 25

போனில் முடிவைச் சொன்னேன். "அப்போ என் ரத்தம் இனிமே உங்களுக்கு யூஸ் இல்லையா அக்கா?" என்றாள், குரல் இறங்கி.

"இல்ல வஹீதா. இனிமே நீ சும்மா வா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்."

ஆகஸ்ட் 16, ஞாயிறு

வஹீதா வந்தாள். சுகரா பேகத்தையும் கூட்டிக்கொண்டு. அம்மா வடை சுட்டாள். சுகரா பேகம் எங்கள் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் என்னவோ கண்டிப்பாகச் சொன்னார். அம்மாவும் அவரும் அரைமணியில் தோஸ்த் ஆகிவிட்டார்கள். வெயில் தாழ்ந்ததும் நானும் வஹீதாவும் கோட்டை அகழி ஓரமாக நடந்தோம். கம்பெனியில் அவளைப் புதுசாகச் சேருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்திருக்கிறார்களாம். புருஷனின் குறட்டை, என் ஆய்வேட்டு டைப்பிஸ்ட் செய்கிற அக்கிரமம், மோகனாவின் தம்பி கல்யாணம் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. வேர்க்கடலை தீர்ந்து இன்னொரு பொட்டலம் வாங்கினோம்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். இவ்வளவு பேச்சில் மலேரியா என்ற வார்த்தை ஒரு தடவைகூட வரவில்லை.